சினை நண்டே கடலின் விதைநெல்

விதைநெல்லைக் குற்றி உண்ட கமக்காரனுக்கு அடுத்த போகம் இல்லை. கடலில் விதைப்பார் எவருமிலர். ஆயினும் அங்கும் விதையுண்டு. பாக்கு நீரிணையிலும் பாக்கு விரிகுடாவிலும் பிடிக்கப்பெற்று வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நீலக்கால் நண்டுக்குச் சினை நண்டே விதையாகும்.

இந்நண்டில் ஆண் நீல நிறமும் நீண்ட கொடுக்குகளும் உடையது. பெண் பெரும்பாலும் மங்கிய பச்சை அல்லது கபில நிறமானது. நண்டைப் புரட்டி, வயிற்றின்கீழ் மடிந்துள்ள மடலை நோக்கினால் ஐயம் நீங்கும். ஆணின் மடல் ஒடுங்கியது. இளம் பெண்ணின் மடல் முக்கோண வடிவானது. முதிர்ந்த பெண்ணின் மடல் அகன்று வட்டமாயிருக்கும்.

பெண் நண்டு ஓடு கழற்றும் காலம் நெருங்கியதும் ஆண் அதனைத் தன் உடலின்கீழ்ப் பற்றிச் சில நாட்கள் காவித் திரியும். பழைய ஓடு கழன்று புதிய ஓடு மென்மையாயிருக்கும் வேளையில் இணைசேர்தல் நிகழும். பெற்ற விந்தைப் பெண் தன் உடலினுள் சேமித்து வைக்கும். ஆதலின் ஒருமுறை இணைந்த பெண், மீண்டும் ஆணின் துணையின்றியே ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் சினையிட வல்லது. ஒரு சினை நண்டைக் கொல்வோர் இன்றைய சினையோடு நாளைய சினையையும் இழக்கின்றனர்.

முட்டைகள் மடலின்கீழுள்ள மெல்லிய மயிர்களிற் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். நண்டின் பருமனுக்கேற்ப அவற்றின் தொகை சில இலட்சம் முதல் பத்து இலட்சத்துக்கு மேலும் அமையும். முதலில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமாயிருக்கும் சினை, பின்னர் கபிலமாகி, பொரிக்கும் தறுவாயில் கருமையடையும். குஞ்சின் கண்கள் உருவாவதும் மஞ்சட்கரு குறைவதுமே இம்மாற்றத்துக்குக் காரணம். வெப்பக் கடலில் இவை ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்களுள் நிறைவுறும்.

பொரித்த குஞ்சுகள் நண்டின் தோற்றமின்றி நீரோட்டத்தில் மிதந்து, பலமுறை தோல் கழற்றிய பின்னரே நண்டுருப் பெறும். அவற்றுட் பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகும். எஞ்சிய சிலவே ஆழங்குறைந்த கடற்புற்றரைகளை அடைந்து வளரும். ஏறக்குறைய ஓராண்டில் அவையும் இனம்பெருக்கும். இலட்சக்கணக்கில் முட்டையிடுவதன் தேவை இதனால் விளங்கும்.

எனவே கடற்றொழிலாளர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று:

1. சினை நண்டைக் கரைக்குக் கொண்டு வராது, வள்ளத்திலேயே வலையினின்று நீக்கி உடன் கடலில் விடுக. கரைக்கு வந்து சேருமுன் சினை வெயிலில் உலர்ந்துவிடும்.

2. சிக்கலை எடுக்கையில் காலொன்று முறியினும் கவலையில்லை; ஓடு கழற்றும்போது அது மீண்டும் வளரும். சினையை மட்டும் நசுக்கலாகாது.

3. சினையைச் சுரண்டிக் கடலில் எறிந்துவிட்டு நண்டை வைத்திருப்பதாற் பயனில்லை. தாயே மடலை அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் ஊட்டுகின்றது. தாயைப் பிரிந்த முட்டைகள் அழியும்.

4. கருஞ்சினை நண்டை முதலில் விடுக. அதன் குஞ்சுகள் பொரிப்பதற்கு ஓரிரு நாட்களே எஞ்சியிருக்கும்.

இன்று விட்ட ஒரு நண்டால் ஒருவருக்கு நேரும் நட்டம் சிறிது. எல்லோரும் விடுவராயின் மறுவருடம் எல்லோர் வலையும் நிறையும்.