எல்லாமே 'சுற்றுச்சூழல்' படிப்புதான்... ஆனா வேலை வேற வேற! பிளஸ் 2 மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

'சுற்றுச்சூழல் சம்பந்தமா ஏதாவது படிக்கணும்' என்று பிளஸ் 2 முடித்த பிள்ளை சொன்னால், வீட்டில் அடுத்து வரும் கேள்வி, 'அதுக்கு வேலை கிடைக்குமா?' என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: எந்தச் சுற்றுச்சூழல் படிப்பு?

பி.எஸ்சி., பி.இ., பி.ஆர்க்., வனவியல் என நான்கு முக்கிய வழிகள் இருக்கின்றன. கேட்க எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும், படித்து முடித்த பிறகு எழுதக்கூடிய தேர்வுகளும் கிடைக்கும் வேலைகளும் வேறு வேறு.

பள்ளிக்கரணையை வைத்தே புரிஞ்சுக்கலாம்

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை ஒட்டியே இருக்கிறது பெருங்குடி குப்பைக் கிடங்கு. இந்த ஒரே இடத்தில் நான்கு படிப்புக்கும் வேலை உண்டு.

* சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்: நீரிலும் மண்ணிலும் என்ன நச்சு, எவ்வளவு இருக்கிறது என்று மாதிரி எடுத்துச் சோதிப்பார்.
* சுற்றுச்சூழல் பொறியாளர்: குப்பையிலிருந்து கசியும் கழிவுநீரைத் தடுத்து, சுத்திகரிக்கும் அமைப்பை வடிவமைப்பார்.
* லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்: மழைநீர் எந்தப் பக்கம் ஓடணும், எங்கே தேங்கணும், கரையில் எந்த மரம், நடைபாதை எதுவரை என்று நிலத்தைத் திட்டமிடுவார்.
* வனவியல் படித்தவர்: தாவரங்கள், பறவைகளின் வாழிடத்தைப் பராமரிப்பார்.

எங்கே, எப்படிச் சேரலாம்?

பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: கலை, அறிவியல் கல்லூரிகளில் 3 ஆண்டுப் படிப்பு. ஆனால் இந்தத் துறையில் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வாய்ப்பு குறைவு. எம்.எஸ்சி.யையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. கோவை பாரதியார் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்றவற்றில் இதற்குத் தனித் துறைகள் இருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகமான புதுச்சேரியில் சேர க்யூட் பிஜி தேர்வு எழுத வேண்டும்.

பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல்: சில கல்லூரிகளில் மட்டுமே உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண் அடிப்படையில் கவுன்சலிங் மூலம் சேரலாம். பி.இ. சிவில் முடித்து, எம்.இ.யில் சுற்றுச்சூழல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கேட் தேர்வில் 2021 முதல் இதற்குத் தனித் தாளே வந்துவிட்டது.

லேண்ட்ஸ்கேப்: 'செடி வெச்சு அழகுபடுத்துற வேலை' என்று பலர் நினைப்பது சரியல்ல. மண், மேடு பள்ளம், வடிகால், உள்ளூர்த் தாவரங்கள் எல்லாம் பாடத்தில் வரும். வழக்கமான பாதை, நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுதி 5 ஆண்டு பி.ஆர்க். முடித்து, பிறகு எம்.ஆர்க்.கில் லேண்ட்ஸ்கேப் எடுப்பது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியில் இந்த முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஆக மொத்தம் 7 ஆண்டுகள். செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வனவியல்: மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் 4 ஆண்டு பி.எஸ்சி. படிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது.

பலர் கவனிக்காமல் விடும் இடம்

'சுற்றுச்சூழல் படிச்சா ஐ.எஃப்.எஸ். ஆகலாம்' என்று நம்பிச் சேருபவர்கள் கவனிக்கவும். யுபிஎஸ்சியின் இந்திய வனப் பணித் தேர்வுக்கு, கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது உள்ள பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். இந்தப் பட்டியலில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பெயர் தனியாக இல்லை.

எனவே ஐ.எஃப்.எஸ்.தான் இலக்கு என்றால், தாவரவியலோ விலங்கியலோ படித்துவிட்டு, எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழல் அறிவியல் எடுப்பது பாதுகாப்பான வழி.

1982-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் இதே கதைதான். உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் படித்திருக்கணும். சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முதுநிலை அறிவியல் பட்டம் வேணும். வெறும் பி.எஸ்சி.யோடு போனால் இரண்டுக்குமே விண்ணப்பிக்க முடியாது.

தனியார் துறையில் என்ன இருக்கு?

2006-ம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி, சுரங்கம், அனல்மின் நிலையம், பெரிய கட்டுமானம் போன்ற திட்டங்கள் தொடங்கும் முன் சுற்றுச்சூழல் அனுமதி பெறணும். பெரிய திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவை. அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள்தான் இதைத் தயாரிக்க முடியும். காற்று, நீர், சத்தம், உயிரினச் சூழல், நிலப் பயன்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர் தேவை. ஆய்வகங்கள், தொழிற்சாலைகள், சுத்திகரிப்பு நிலையங்களிலும் வேலை உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்பினால், நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

சேரும் முன் 3 கேள்விகள்

1. விரும்பும் வேலையின் பழைய அறிவிக்கையில் என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள்? நீங்கள் சேரும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா?
2. கல்லூரியில் ஆய்வகம் இருக்கா? களப்பணிக்கு மாணவர்களை எங்கே அழைத்துப் போகிறார்கள்?
3. முதுநிலை வரை படிக்க வீட்டில் வசதியும் நேரமும் இருக்கா?

தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை ஒருமுறை முழுசா படிச்சிடுங்க. அட்மிஷன் போடும்போது இதற்காகச் செலவிடும் ஒரு மணி நேரம், டிகிரி முடித்த பிறகு 'தகுதி இல்லை' என்று திரும்பி வரும் நிலையைத் தவிர்க்கும்.