14 நைட்டா, 4 நைட்டா? பாயிண்ட்ஸ் ஹாலிடே மெம்பர்ஷிப்புக்கு ஒரு கணக்கு

மோகனூர்ல இருந்து ஒரு தம்பி போன வாரம் ஒரு கோட்டேஷனை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பெங்களூரில் ஐடி வேலை, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், ஊரில் அப்பா அம்மா. லீவுக்கு வந்த இடத்தில், "உங்க நம்பர் கிஃப்ட்டுக்கு செலக்ட் ஆகியிருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்று சேலத்தில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டின்னர் போட்டு, மூணு மணி நேரம் பேசி, கடைசியில் ஒரு பேப்பரை நீட்டியிருக்கிறார்கள். "இன்னைக்கே சைன் பண்ணாத்தான் இந்த ரேட்டாம்ணா. வாங்கலாமா?"

ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறார். கெட்டிக்காரர். "இன்னைக்கு மட்டும்" என்ற அந்த ரேட்டிலேயே நாலு நாள் கழித்து மறுபடி போன் வந்ததாம்!

கம்பெனி பேர் இங்கே வேண்டாம். பேரை மாற்றினாலும் கோட்டேஷன் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் ஒரு நாள் வரும், அதனால் அந்தப் பேப்பரை வைத்தே கணக்குப் போடுவோம்.

முதலில், இவர்கள் விற்பது என்ன? டைம்ஷேர் புது விஷயம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமேக் 1963-லேயே ஆரம்பித்தது. அமெரிக்காவில் டிஸ்னி வெக்கேஷன் கிளப் 1991-ல் பாயிண்ட்ஸ் முறையில் வந்தது. நம்ம பக்கம் ஸ்டெர்லிங் 1986-ல் சென்னையில் தொடங்கி, 2014-ல் தாமஸ் குக் இந்தியா கைக்குப் போனது. கிளப் மஹிந்திரா 1996. அதனுடைய பிரபலமான திட்டத்தில் 25 வருஷம், வருஷத்துக்கு 7 இரவு, எந்த சீசன், எந்த அளவு ரூம் என்பதெல்லாம் வாங்கும்போதே முடிவாகிவிடும். பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று சீசனுக்குக் கலர் வைத்திருப்பார்கள்.

பாயிண்ட்ஸ் திட்டத்தில் இந்த 7 இரவு என்பது கிடையாது. வருஷா வருஷம் இத்தனை பாயிண்ட் உங்கள் கணக்கில் ஏறும். எந்த ஊர், எந்த மாசம், வாரநாளா வாரக்கடைசியா என்பதைப் பொறுத்து ஒரு இரவுக்கு இத்தனை பாயிண்ட் என்று ஒரு சார்ட் இருக்கும். ரெண்டு நாள் வேணுமா, ரெண்டு நாள். பெரிய ரூம் வேணுமா, கூட பாயிண்ட் கொடுத்து எடுத்துக்கலாம். வசதிதான், மறுக்கவில்லை.

ஆனா ஒண்ணு யோசிங்க. நாமக்கல் மண்டல முட்டை விலையை என்இசிசி அறிவிக்கிறது, மறுநாள் பேப்பரில் வருகிறது. பண்ணைக்காரரும் பார்க்கிறார், வியாபாரியும் பார்க்கிறார், டீக்கடையில் ஆம்லெட் சாப்பிடுகிறவரும் பார்க்கிறார். பாயிண்ட்டின் மதிப்பு அப்படி வெளியில் முடிவாவதில்லை. பாயிண்ட்டை அச்சடிப்பதும் கம்பெனி, அதை வைத்து என்ன வாங்கலாம் என்று சொல்வதும் அதே கம்பெனி. தம்பியின் பேப்பரில் 11-வது ஷரத்து: "பாயிண்ட் அட்டவணையை நிறுவனம் அவ்வப்போது மாற்றியமைக்கலாம்." டின்னரில் யாரும் இதைப் படித்துக் காட்டவில்லை.

பேப்பரில் இருந்த எண்கள்

மெம்பர்ஷிப் 4,00,000. ஜிஎஸ்டி 18%, அது 72,000. மொத்தம் 4,72,000 ரூபாய், 25 வருஷத்துக்கு. வருஷாந்திர பராமரிப்புக் கட்டணம் 15,000, ஜிஎஸ்டியோடு 17,700. இது விலைவாசியைப் பொறுத்து ஏறும். வருஷத்துக்கு 2,100 பாயிண்ட்.

சேல்ஸ்காரர் பேப்பர் ஓரத்தில் பேனாவால் பெரிசா "14 நைட்" என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். பொய் இல்லை. சார்ட்டில் ஜூலை மாச வாரநாளுக்கு 150 பாயிண்ட். 2,100-ஐ 150-ஆல் வகுத்தால் 14 வரும். ஆனால் மே மாசம் ஊட்டியில் வாரக்கடைசி இரவுக்கு 450 பாயிண்ட். நாலு இரவு எடுத்தால் 1,800 போய்விடும். மிச்சம் 300, அஞ்சாவது இரவுக்குப் பத்தாது.

சம்பளக்காரருக்கு எப்போ லீவு கிடைக்கும்? ஜூலை மாசம் செவ்வாய்க்கிழமை மேனேஜர் விடுவாரா? குழந்தை ஸ்கூல் போக ஆரம்பித்தால் மே மாசமும் பரீட்சை லீவும்தான். ஊரே கிளம்பும் அந்த நேரத்தில்தான் பாயிண்ட்டும் அதிகம், ரூம் கிடைப்பதும் கஷ்டம். "14 நைட்" ரிட்டயர்ட் ஆனவர்களுக்கான எண். உங்கள் எண் 4-க்கும் 7-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

சரி, ஒரு இரவு என்ன விலை? 4,72,000-ஐ எஃப்டியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருஷம் 33,040 வட்டி. வருமான வரியை இப்போதைக்கு விடுங்கள். அந்த வட்டியை இழக்கிறீர்கள், அதோடு 17,700 கட்டுகிறீர்கள். ஆக வருஷத்துக்கு 50,740. சராசரியாக 7 இரவு தங்கினால் ஒரு இரவு 7,249 ரூபாய். 4 இரவுதான் என்றால் 12,685. சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் தனி. அசலையும் நான் செலவில் சேர்க்கவில்லை. எஃப்டியில் 25 வருஷம் கழித்து 4,72,000 கையில் நிற்கும். மெம்பர்ஷிப்பில் அன்றைக்கு உங்களிடம் ஒரு பழைய கார்டு இருக்கும்.

இந்த இடத்தில் சேல்ஸ்காரர் ஒரு நல்ல பாயிண்ட் வைப்பார். "சார், ஹோட்டல் ரேட் வருஷா வருஷம் ஏறுது. நீங்க இன்னைக்கு ரேட்டை லாக் பண்றீங்க." இதைச் சிரித்துத் தள்ள வேண்டாம், கணக்கில் போடுவோம். இப்போ வரியோடு 5,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ரூம் வருஷம் 6% ஏறுகிறது, பராமரிப்புக் கட்டணமும் அதே 6% ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 வருஷம் கழித்து ரூம் 8,954. உங்கள் மெம்பர்ஷிப் இரவு 9,248. இன்னும் ரூம்தான் சல்லிசு. 12 வருஷம் ஆகும்போதுதான் மெம்பர்ஷிப் முந்துகிறது, அதுவும் ஒரு வருஷம்கூட விடாமல் 7 இரவும் தங்கியிருந்தால், சார்ட்டும் மாறாமல் இருந்தால். 4 இரவு மட்டும் தங்குகிறவருக்கு 25 வருஷமும் ஓடினாலும் முந்தாது. மே மாச ரூம் 5,000-க்கு எங்கே கிடைக்கும் என்பீர்கள், நியாயம். 8,000 என்றே வையுங்கள். அப்பவும் 15 வருஷம் காத்திருக்கணும்.

லாக் ஆவது நுழைவுக் கட்டணம் மட்டும்தான். பராமரிப்புக் கட்டணம் லாக் ஆகாது. 17,700-ல் ஆரம்பித்து 6% ஏறினால் 25-வது வருஷம் 71,666 கட்டுவீர்கள். மொத்தமாகக் கூட்டினால் 9,71,000 ரூபாய். மெம்பர்ஷிப் விலையைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல்! இதைத்தான் நான் தம்பியிடம் முதலில் காட்டினேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. டூர் போகாத வருஷமும் இதைக் கட்டணும். கட்டாமல் விட்டால் புக்கிங் நிற்கும்.

வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ஹோட்டல் ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்தக் கோட்டேஷனில் 18%. அதுவும் 2040-களில் போகப்போகிற டூருக்கு இன்றைக்கே வரி!

"எல்டிஏ-ல கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்" என்றும் சொன்னார்களாம். முடியாது. எல்டிஏ விலக்கு பயணக் கட்டணத்துக்குத்தான். ரூம் வாடகைக்கே கிடையாது, மெம்பர்ஷிப்புக்கு எங்கிருந்து வரும்? நீங்கள் புது ரெஜிமில் இருந்தால் அந்த விலக்கே இல்லை.

"மெம்பர்" என்றால் ஓனர் இல்லை

மோகனூர்க்காரர்களுக்கு இதை ஈஸியா சொல்லலாம். உங்கள் ஊரில் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அங்கே மெம்பராக இருக்கும் கரும்பு விவசாயிக்குப் பங்கு உண்டு, ஓட்டு உண்டு. ஆலை லாபமோ நஷ்டமோ, அவர் அதில் ஒரு ஆள். இங்கே நீங்கள் "மெம்பர்" ஆனால் ரிசார்ட்டில் ஒரு செங்கல்கூட உங்களுடையது இல்லை. பத்திரப்பதிவு கிடையாது, வில்லங்கச் சான்றில் உங்கள் பேர் வராது. தங்கும் உரிமை மட்டும்தான், அதுவும் ஒப்பந்தம் சொல்கிற வரைக்கும்.

நான் ஆடிட்டர் என்பதால் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. கிளப் மஹிந்திராவை நடத்தும் மஹிந்திரா ஹாலிடேஸ் 2009-ல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி. முன்பெல்லாம் மெம்பர்ஷிப் பணத்தில் பெரிய பங்கை முதல் வருஷமே வருமானமாகக் காட்டினார்கள். 2018 ஏப்ரலில் இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் விதி வந்தபின், அந்தப் பணத்தை மெம்பர்ஷிப் காலம் முழுக்கப் பிரித்துத்தான் காட்டவேண்டும். இன்னும் வருமானமாகாத அந்தப் பணம் அவர்கள் கணக்கில் 5,000 கோடிக்கு மேல் பொறுப்பாக நிற்கிறது. தப்பு எதுவும் இல்லை, சரியான கணக்கு அதுதான். உங்கள் பக்கம் இருந்து பார்த்தால், சேவைக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அடமானம் எதுவும் இல்லாமல் 25 வருஷம் காத்திருக்கிறீர்கள். கம்பெனி பெரிசா, கணக்கு வெளிப்படையா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

அப்படிப் பார்க்காமல் போனதற்கு உதாரணம் பான்கார்டு கிளப்ஸ். ரூம் நைட் என்ற பேரில் பணம் வாங்கினார்கள், தங்கவில்லை என்றால் கூடுதலாகத் திருப்பித் தருவோம் என்றார்கள். இது ஹாலிடே இல்லை, பதிவு செய்யாத முதலீட்டுத் திட்டம் என்று 2014-ல் செபி தடை போட்டது. 2016-ல் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு. 50 லட்சம் பேருக்கு மேல், 7,000 கோடி ரூபாய்க்கு மேல். யாராவது உங்களிடம் "யூஸ் பண்ணலைன்னா கேஷா ரிட்டர்ன்" என்று சொன்னால் டின்னர் முடியும் வரைகூட உட்கார வேண்டாம்.

அப்போ யாருமே வாங்கக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். வருஷம் தவறாமல் ஒரு வாரம் டூர் போகிற குடும்பம், ஆறு மாசம் முன்னாடியே தேதியைச் சொல்ல முடிகிறவர்கள், கிச்சனோடு பெரிய ரூம் தேவைப்படுகிறவர்கள், கடன் வாங்காமல் கட்ட முடிகிறவர்கள், இவர்களுக்கு ஒத்துவரலாம். அப்பவும் ஏற்கெனவே வாங்கிவிட்டு விற்கப் பார்க்கும் மெம்பரிடம் டிரான்ஸ்ஃபர் கட்டணம் போக என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். புதுசுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்குப் பதில் சொல்லும்.

தம்பி இதில் எதிலும் வரமாட்டார். வீடு பார்க்கணும், குழந்தை பிளான் இருக்கு, ஆன்சைட் வாய்ப்பு வேற. 27 வயசில் அடுத்த 25 வருஷத்து லீவை எப்படி எழுதிக் கொடுப்பது? அதோடு அவருக்குச் சொன்னது இஎம்ஐ. 72,000 முன்பணம், மீதி 4,00,000-க்கு 14% வட்டியில் 48 மாசம், மாசம் 10,930. வட்டி மட்டும் 1,24,000-க்கு மேல். ஊட்டியில் தூங்குவதற்கு நாலு வருஷக் கடன்!

நான் சொன்னது, மாசம் 4,228 ரூபாய்க்கு ஒரு ஆர்டி, பேர் "டூர்". வருஷத்துக்கு அதே 50,740 வந்துவிடும். பிடித்த வருஷம் ஏற்காடு, பிடிக்காத வருஷம் போகாதீர்கள், பணம் அப்படியே இருக்கும். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு நாள் கொல்லிமலை போய்வர எந்தக் கிளப்பும் வேண்டாம்.

ஏற்கெனவே சைன் பண்ணிட்டீங்களா?

நாள் கடத்தாதீங்க. ஐரோப்பிய யூனியனில் டைம்ஷேர் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன ரத்து காலம் போட்டிருக்கிறதோ அதுதான் முதல் ஆயுதம். அந்த நாளுக்குள் ஈமெயிலும், டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. பேனாவால் வட்டம் போட்ட அந்த "14 நைட்" பேப்பர் இருந்தால் பத்திரம்.

பணம் வரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். "வழக்கு மும்பையில்தான்" என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். மோகனூர்க்காரர் என்றால் நாமக்கல்லிலேயே. ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இந்த வழி அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை தொடங்கி 2 வருஷத்துக்குள் போடணும்.

இஎம்ஐ-ல வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மெம்பர்ஷிப் ஒரு ஒப்பந்தம், லோன் வேறொரு கம்பெனியோடு இன்னொரு ஒப்பந்தம். முதலாவதை ரத்து செய்ததால் இரண்டாவது தானாக நிற்காது. கோபத்தில் இஎம்ஐ-யை நிறுத்தினால் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். லோன் கொடுத்தவர் தந்த கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ரத்து விதி இருக்கிறதா என்று பாருங்கள், ரத்துக் கடிதத்தின் நகலோடு அவர்களுக்கும் அன்றைக்கே தனியாக ஒரு மெயில் போடுங்கள்.