கருவியைக் கேட்பதும் மனிதரைக் கேட்பதும்

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூர்ச் சாலையில் உள்ள திருவெள்ளறையில் சுவஸ்திக வடிவில் அமைந்த பழைய கிணறு ஒன்று உண்டு. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மன் ஆட்சியில், ஏறக்குறைய கி.பி. 800இல், கம்பன் அரையன் என்பான் அதனை அமைத்தான் என்னும் செய்தியை அக்கிணற்றின் கல்வெட்டே நமக்கு அறிவிக்கிறது. நாம் ஊகிக்க வேண்டுவதில்லை. கல்லைப் படித்தால் போதும். அதுபோலவே, கணினியும் தன்னைப் பற்றிய குறிப்புகளைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. ஒரு நிரல் அவற்றை எவ்வாறு படித்தறிகிறது, படித்ததை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதனை இங்கே ஆராய்வோம்.

நிரல் இவற்றை அறிய வேண்டிய தேவை யாது? தமிழில் தட்டச்சுச் செய்ய உதவும் மென்பொருள் ஒன்றை மாணவர் ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். விசைப்பலகையை இணைக்கும் வழி விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் மற்றொன்று. இன்டெல் வகை நுண்செயலிக்கென ஆக்கப்பட்ட கோப்பு, கைப்பேசிகளில் பெரிதும் காணப்படும் ஆர்ம் வகை நுண்செயலியில் நேராக இயங்காது. எல்லாம் பொருந்திய பின்னும், திரையில் தோன்றும் சொற்கள் எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்ற வினா எஞ்சி நிற்கும். ஆகவே இயக்க அமைப்பு, நுண்செயலி, மொழி ஆகிய மூன்றையும் நிரல் அறிந்தாக வேண்டும்.

முதலாவது, இயக்க அமைப்பு. பைத்தான் மொழியில் ‘பிளாட்ஃபார்ம்’ என்னும் தொகுதி உண்டு. அதில் உள்ள ‘சிஸ்டம்’ என்ற செயற்கூற்றை அழைத்தால் விண்டோஸ், லினக்ஸ் என்றவாறு விடை வரும். ஆப்பிளின் மேக் கணினியோ ‘டார்வின்’ என்று விடை கூறும். அது அந்த அமைப்பின் உட்கருவுக்கு உரிய பெயர். விண்டோஸ் 11 தன் உட்பதிப்பு எண்ணை 10.0 என்றே தெரிவிக்கும். அதனைத் தொடர்ந்து வரும் கட்டமைப்பு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருப்பின், அது 11 எனத் தெளியலாம். லினக்ஸ் என்னும் விடை ஒரு குடும்பப் பெயரே. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், உபுண்டு முதலியன யாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. எந்த வீடு என்றறிய ‘ஓஎஸ்-ரிலீஸ்’ என்னும் சிறு கோப்பைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, நுண்செயலி. அதே தொகுதியில் ‘மெஷின்’ என்ற செயற்கூறு இதற்கு விடையளிக்கும். ஆனால் ஒரே வகைச் செயலியை விண்டோஸ் ‘ஏஎம்டி64’ என்றும், லினக்ஸ் ‘எக்ஸ்86_64’ என்றும் அழைக்கும். 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு மாறியபொழுது, பழைய இன்டெல் நிரல்களுக்காக ‘ரொசெட்டா 2’ என்னும் மொழிபெயர்ப்பாளனை உடன் வைத்தது. அதன் துணையால் இயங்கும் நிரலுக்குத் தான் இன்டெல் செயலியில் இருப்பதாகவே விடை கிடைக்கும். புதிய செயலிகளும் தோன்றிய வண்ணம் உள்ளன, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ ரிஸ்க்-ஃபைவ் என்னும் வேறொரு வகையைச் சார்ந்தது. ஆதலின், தான் அறியாத பெயர் ஒன்று விடையாக வரினும் திகைத்து நின்றுவிடாதபடி நிரலை அமைத்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய மொழியே நாம் ஊன்றிக் கருதத் தக்கது. லினக்ஸில் ‘லேங்’ என்ற சூழல் மாறி இதனைத் தாங்கி நிற்கும். தமிழுக்குரிய குறி ‘டிஏ’. அதனோடு ‘ஐஎன்’ சேர்ந்தால் இந்தியத் தமிழ், ‘எல்கே’ சேர்ந்தால் இலங்கைத் தமிழ், ‘எஸ்ஜி’ சேர்ந்தால் சிங்கப்பூர்த் தமிழ். நாட்டுக் குறியும் வீணன்று. பத்து இலட்சத்தை இந்திய வழக்கில் 10,00,000 என்றும், சிங்கப்பூர் வழக்கில் 1,000,000 என்றும் எழுதுவர்.

எனினும், முதல் இரண்டும் கருவியின் இயல்புகள், மூன்றாவது அத்தகையதன்று. கடையில் வாங்கும் கணினி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைக்கப்பட்டு வருகிறது. அதனை மாற்றும் வழி அறியாத முதியவர் ஒருவர் ஓய்வூதிய விண்ணப்பத்தைத் திறக்கிறார். நிரல் கருவியைக் கேட்கிறது. கருவி ‘ஆங்கிலம்’ என்கிறது. அவருக்குப் புரியாத மொழியில் விண்ணப்பம் விரிகிறது. கருவி பொய் சொல்லவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டதே பிழை. இனி, இருக்கும் ஊரைக் கொண்டு மொழியைத் துணிவதும் பொருந்தாது. திருச்சிராப்பள்ளியிலேயே தெலுங்கும் உருதும் சௌராட்டிரமும் வீட்டுமொழியாக உடையார் உளர்.

ஆகவே நிரல் எழுதப் புகும் இளைஞர்க்கு நாம் கூற வேண்டுவது இதுவே: இயக்க அமைப்பையும் நுண்செயலியையும் கருவியைக் கேட்டு அறிக, மொழியை மனிதரைக் கேட்டு அறிக. கருவி தரும் விடையைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. முதல் திரையிலேயே மொழிகளின் பட்டியலை வைக்க. அப்பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அவ்வம்மொழியின் எழுத்திலேயே இருக்கட்டும். ஆங்கிலம் அறியாதார்க்குத் தமிழின் பெயரை ஆங்கில எழுத்தில் காட்டுவதால் விளையும் பயன் யாது? அவர் ஒருமுறை தேர்ந்ததை நினைவில் வைத்து, மறுமுறை கேளாதிருத்தலும் வேண்டும்.