மூச்சு விடும் காளான்!

ஒரு காலத்தில், மழை பெய்த மறுநாள் புற்று ஓரத்தில் தேடிப் பறித்து வந்த பண்டம், காளான். இன்று அது பாக்கெட்டில் வருகிறது. கத்தரிக்காய், வெண்டைக்காயோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

ஆனால், காளான் கத்தரிக்காய் அல்ல!

கத்தரிக்காய்க்குக் கெட்டியான தோல் உண்டு. காளானுக்கு அது கிடையாது. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது. அப்போது சூடு உண்டாகிறது, ஈரமும் வெளியேறுகிறது. அதனால்தான் சீக்கிரம் கெட்டுப் போகிறது.

கவிழ்த்துப் பாருங்கள்

தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் 3 வகை கிடைக்கின்றன.

மொட்டுக் காளான், ஊட்டி போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்வது. அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். குடையும் காம்பும் சேரும் இடம் மூடியிருந்தால், இளசு. குடை விரிந்து, உள்ளே கறுத்த மடிப்புகள் தெரிந்தால், முற்றியது. முற்றியது விஷம் அல்ல. ஆனால், அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

சிப்பிக் காளானுக்கு ஓரம்தான் அடையாளம். ஓரம் கிழிந்து, மஞ்சள் தட்டியிருந்தால் பழையது. வெப்பமான ஊர்களிலும் வளரும் பால் காளான், நல்ல வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். மூன்றில் அதிக நாள் தாங்குவது இதுதான்.

எந்தக் காளானானாலும், விரலில் வழவழவென்று ஒட்டினால் வாங்க வேண்டாம். புளித்த வாடை, மீன் வாடை அடித்தாலும் வேண்டாம். நல்ல காளானில் ஈர மண் வாசனைதான் வரும். கை பட்டதால் ஏற்பட்ட சிறு பழுப்புப் புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பாக்கெட்டில் துளை எதற்கு?

காளான் பாக்கெட்டில் சிறு துளைகள் இருக்கும். அவை காளான் மூச்சு விடுவதற்காகப் போட்டவை. சில வீடுகளில் காளானைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, இறுக மூடிவிடுகிறார்கள். இது ஆபத்து!

டப்பாவில் உள்ள காற்றைக் காளான் மூச்சிழுத்துத் தீர்த்துவிடும். காற்று இல்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமி உண்டு. அது மண்ணில் இருப்பது. அதன் விஷம் உயிரைக் குடிக்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இறுக மூடிய பாக்கெட்டில் வெளியே வைத்த காளானில், சில நாட்களிலேயே இந்த விஷம் உண்டாகலாம் என்று 1975-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டியது.

ஆகவே, காகிதப் பை அல்லது உலர்ந்த பருத்தித் துணி போதும். செய்தித்தாளில் சுற்றக் கூடாது, மை ஒட்டும். (இந்தத் தாளிலும்தான்!)

குளிர்சாதனப் பெட்டியில் சிப்பிக் காளான் 2 நாள், மொட்டுக் காளான் 3 நாள் இருக்கும். பச்சையாக ஐஸ் அறையில் வைத்தால், எடுத்ததும் தொளதொளத்துவிடும். பெட்டி இல்லாத வீட்டில், வாங்கிய அன்றே சமைப்பதுதான் நல்லது. கழுவுவது, அடுப்பில் போடுவதற்குச் சற்று முன்புதான். ஊற வைக்கக் கூடாது.

மஞ்சள் சோதனை பலிக்காது

இவ்வளவும் பண்ணையில் வளர்த்த காளானுக்குத்தான். காட்டில் தானாக முளைத்ததில், விஷக் காளான் பறித்த நிமிடத்திலும் விஷம்தான். வெள்ளிக் காசு கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதெல்லாம் வீண். கொடிய விஷக் காளானைக் கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது.

அதைத் தின்றவருக்கு 6 மணி நேரம் கழிந்த பிறகே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நின்றுவிடும். "குணமாகிவிட்டது" என்று வீட்டார் நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்!

வாந்தி நிற்கட்டும் என்று காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் காளானையும் எடுத்துச் சென்றால், டாக்டருக்கு உதவியாக இருக்கும்.