ஊர்க் குழம்பு ஏன் உறைக்கிறது?

கிளாஸ்கோவில் இரண்டு வருடம் படித்துவிட்டு மதுரை திரும்பிய பையன், அம்மா வைத்த மீன்குழம்பில் முதல் கவளத்துக்கே மூக்கை உறிஞ்சுகிறான். “துரையாயிட்டான்” என்று பாட்டி சிரிக்கிறார். குழம்பு மாறவில்லை, மாறியது நாக்கின் நரம்பு.

காரம் ஒரு சுவையே அல்ல. மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, ‘நாக்கு சுடுகிறது’ என்று மூளைக்குப் புளுகுகிறது. (1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு.) அந்தப் புரதம் சுமார் 43 டிகிரியில் தானாகவே விழித்துக்கொள்ளும்; கொதிக்கும் குழம்பு கூடுதலாக உறைப்பது அதனால்தான். தினமும் காரம் தின்றால், நரம்புக்குள் கால்சியம் புகுந்து புகுந்து அது மரத்துப்போகும். விட்டுவிட்டால் பழைய கூர்மை திரும்பிவிடும்.

தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் அதில் கரையாது. தயிரிலுள்ள கேசின் அதை வாரிக்கொண்டு போகும். பையன் இப்போது தயிர்ச் சட்டியைத்தான் தேடுகிறான்.