3 மணி நேரம் சிம்மில்... இத்தாலியின் 'ரகூ' சாஸ் ஏன் அவசரத்துக்கு மசியாது?

வீட்டுக்குப் பத்திரம் பதிவாங்க, நிலத்துக்குப் பதிவாங்க. ஒரு கறிக்குழம்புக்குப் பதிவு செய்வாங்களா?

இத்தாலியில செஞ்சிருக்காங்க. 1982-ம் வருஷம் அக்டோபர் 17-ம் தேதி, பொலோனியா நகரத்து வர்த்தக சபையில் ஒரு சமையல் குறிப்பை முறைப்படி பதிவு செய்தது இத்தாலிய சமையல் அகாடமி. அந்தக் குறிப்புதான் 'ரகூ அல்லா பொலோனீஸே'. நம்ம ஊர் ரெஸ்டாரன்ட் மெனு கார்டுல 'பாஸ்தா பொலோனீஸ்'னு பார்க்கிறோமே, அதோட ஒரிஜினல். ஜாதகக் கட்டத்துல உட்கார்ந்திருக்கிற ராகு இல்லீங்க, இது ரகூ. சாப்பிடும் ஆசையைத் தூண்டுறதுன்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்த பெயர்.

ஒரு சாஸுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு நானும்தான் நினைச்சேன். போன வருஷம் அக்கா பிறந்தநாளுக்கு இதைச் செஞ்சு அசத்தலாம்னு கிளம்பி, நாற்பதே நிமிஷத்துல இறக்கி வெச்சேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "நல்லாதான் இருக்கு... ஆனா தக்காளித் தொக்குல கொத்துக்கறி போட்ட மாதிரி இருக்கே"ன்னாங்க. எங்கே தப்பு நடந்துச்சுன்னு தேடப் போனதுலதான் இந்த சாஸோட சூட்சுமமே புரிஞ்சுது. நான் செஞ்ச தப்பை நீங்க செய்ய வேண்டாமே!

இது தக்காளி சாஸ் இல்லை

முதல் தப்பு நினைப்புலேயே இருக்கு. 'பொலோனீஸ்'னாலே செக்கச்செவேல்னு தக்காளி சாஸ், அதுல கொஞ்சம் கறின்னு நினைச்சுக்கிறோம். நிஜத்துல இது கறி சாஸ். தக்காளிக்கு இதுல துணை வேஷம்தான்.

இத்தாலிய வீட்டுச் சமையலின் முக்கியமான புத்தகத்தை எழுதிய பெல்லெக்ரினோ அர்டூசி, 1891-ல் வெளியிட்ட தொகுப்பில் பொலோனியா பாணி பாஸ்தாவுக்கும் ஒரு குறிப்பு கொடுத்திருக்கார். கன்றுக்குட்டி இறைச்சி, பான்செட்டா, வெங்காயம், கேரட், செலரி, சூப் எல்லாம் அதுல இருக்கு. தக்காளியே கிடையாது! பின்னாட்களில் தக்காளி உள்ளே வந்தது, ஆனா அளவோடதான்.

அகாடமி தன் குறிப்பை 2023-ல் புதுப்பிச்சது. அதன்படி 6 பேருக்கான அளவு: கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், பான்செட்டா 150 கிராம், பாதி வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, ஒரு கிளாஸ் ஒயின், தக்காளிக் கூழ் 200 கிராம், கெட்டியான தக்காளி பேஸ்ட் ஒரு டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், தேவைக்கு சூப், உப்பு, மிளகு. விருப்பப்பட்டால் ஒரு கிளாஸ் பால். பான்செட்டா என்பது பன்றியின் வயிற்றுப்பகுதி இறைச்சி. கணக்குப் போட்டுப் பாருங்க. இறைச்சி 550 கிராம், தக்காளி அதுல பாதிகூட இல்லை. நான் போட்டது முக்கால் கிலோ தக்காளி!

அதைவிட ஆச்சர்யம், எதையெல்லாம் போடக்கூடாதுங்கிற பட்டியல். பூண்டு கூடாது. ரோஸ்மேரி, பார்ஸ்லி மாதிரியான மூலிகைகள் கூடாது. கெட்டியாக்க மாவு கரைச்சு ஊத்தக்கூடாது. வாசனைக்குன்னு அனுமதிச்சிருக்கிறது ஒரு சிட்டிகை ஜாதிக்காய் மட்டும்தான். இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு இல்லாம கறியே சமைக்காத நமக்கு இது ஷாக்தான். அப்போ ருசி எங்கிருந்து வருது? அதுக்குத்தான் அந்த மூணு மணி நேரம்.

பாத்திரத்துக்குள்ள என்ன நடக்குது?

முதல்ல கறி. கொழுப்பே இல்லாத சுத்தமான கறி இதுக்கு வேண்டாம். அதிகமா உழைக்கிற கால், தோள் பகுதிகள்தான் சரி. அங்கே கொலாஜன் என்கிற நார்ப்பொருள் நிறைய இருக்கும். சுமார் 70 டிகிரியைத் தாண்டினதும் இது மெள்ள மெள்ள கரைஞ்சு ஜெலட்டினா மாறும். நம்ம ஆட்டுக்கால் சூப் உதட்டுல பிசுபிசுன்னு ஒட்டுமே, அதே ஜெலட்டின். மாவு கரைச்சு ஊத்தாமலே சாஸ் கெட்டியா, பளபளப்பா வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த மாற்றம் தீயைக் கூட்டினா வேகமா நடந்துடாது. தளதளன்னு கொதிக்க விட்டா கறி சுருங்கி ரப்பர் மாதிரி ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது நீர் வத்துறது. திறந்த பாத்திரத்துல தண்ணீர் ஆவியாகப் போகப் போக, காய்கறியோட இனிப்பும் தக்காளியோட புளிப்பும் கறியோட சாறும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறுகும். வத்தக்குழம்பு வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம்.

"குக்கர்ல நாலு விசில் விட்டா போதாதா?"ன்னு கேட்கத் தோணும். குக்கருக்குள்ள வெப்பம் அதிகம் என்பதால் கறி சீக்கிரம் வெந்துடும், கொலாஜனும் கரையும். ஆனா மூடின குக்கர்ல தண்ணீர் வெளியேற வழி இல்லை. சாஸ் நீர்க்கவே இருக்கும். வேற வழியே இல்லைன்னா, குக்கர்ல வேக வெச்சபிறகு திறந்து 40 நிமிஷமாவது சிம்மில் வத்த விடுங்க. சுமாரா வரும். முதல் தடவை மட்டும் முழுசா பொறுமையா செஞ்சு பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

செய்முறை: ஒவ்வொண்ணா பார்க்கலாம்

அடிகனமான, அகலமான பாத்திரத்துல எண்ணெய் விட்டு, பொடியா நறுக்கின பான்செட்டாவைப் போடுங்க. மிதமான தீயில அதோட கொழுப்பு உருகி வரட்டும். அப்புறம் வெங்காயம், கேரட், செலரி மூணையும் மிகப் பொடியா நறுக்கிச் சேருங்க. இந்தக் கூட்டணிக்கு 'சொஃப்ரிட்டோ'ன்னு பேரு. நாம வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்கிப் பழகிட்டோம். இங்கே அது வேண்டாம். நிறம் மாறாம, கண்ணாடி மாதிரி குழைஞ்சு இனிப்பு இறங்கினா போதும். ஒரு 10 நிமிஷம் ஆகும்.

இப்போ தீயைக் கூட்டிட்டு கறியைப் போடுங்க. முதல்ல தண்ணி விட்டு சளசளன்னு சத்தம் வரும். அந்த நேரத்துல கறி வறுபடலை, வேகுதுன்னு அர்த்தம். தண்ணீர் இருக்கிறவரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்க சுமார் 140 டிகிரி வேணும். தண்ணி முழுசா சுண்டினதும் சத்தம் 'சொர்ர்ர்'னு மாறும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருங்க. அதுக்கப்புறம்தான் கறி சிவந்து, வறுத்த வாசனை வரும். நான் முதல் தடவை அவசரப்பட்டு, சளசள சத்தத்துலேயே தக்காளியை ஊத்திட்டேன். பாதி ருசி அங்கேயே போச்சு.

கறி சிவந்ததும் ஒயினை ஊத்துங்க. அடியில ஒட்டியிருக்கிற பழுப்பைக் கரண்டியால சுரண்டி விடுங்க, அதுதான் சாரமே. ஒயின் நெடி அடங்கினதும் தக்காளி பேஸ்ட், தக்காளிக் கூழ், ஒரு கரண்டி சூடான சூப் சேர்த்து தீயை முழுசா குறைச்சிடுங்க.

இனி 2 மணி நேரத்துல இருந்து 3 மணி நேரம். மூடியை லேசா திறந்த மாதிரி வைங்க. மேல்பரப்புல அங்கொண்ணும் இங்கொண்ணுமா குமிழ் வந்து உடையணும். நேப்பிள்ஸ் பக்கம் பெரிய கறித்துண்டுகளைப் போட்டு செய்யற இன்னொரு ரகூ உண்டு. அந்த மெதுவான கொதியோட சத்தத்தையே வெச்சு, அதுக்குன்னு 'பிப்பியாரே'ன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க அந்த ஊர்க்காரங்க.

நம்ம கேஸ் அடுப்புல சின்ன பர்னர்கூட சில நேரம் இதுக்கு அதிகம். பிரியாணிக்கு தம் போடும்போது செய்வோமே, அதே மாதிரி பழைய தோசைக்கல்லை அடுப்புல வெச்சு, அதுமேல பாத்திரத்தை வைங்க. அடிப்பிடிக்கிற பயம் குறையும். 15, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கிளறி, வத்தினா சூடான சூப் கொஞ்சம் ஊத்துங்க. பச்சைத்தண்ணி ஊத்தினா கொதி நின்னுடும்.

பாதி நேரம் ஆனதும் பால். "கறியில பாலா?"ன்னு முகம் சுளிக்காதீங்க. 1982 குறிப்பிலேயே ஒரு கிளாஸ் பால் இருக்கு. தக்காளி, ஒயினோட புளிப்பை அது தணிக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. முதல்ல திரிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பயப்படாதீங்க, மெதுவா கொதிக்கக் கொதிக்க ஒண்ணா கலந்துடும். உப்பைக் கடைசியில சரிபாருங்க. முதல்லயே முழுசா போட்டா, வத்தினபிறகு கரிக்கும்.

எப்போ இறக்கணும்? நமக்குத் தெரிஞ்ச அடையாளமேதான். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வரும். செக்கச்செவேல் நிறம் போய் செம்பழுப்பா மாறியிருக்கும்.

ஸ்பாகெட்டி வேண்டாம்... ஏன்?

2019-ல் பொலோனியா மேயரா இருந்த விர்ஜினியோ மெரோலா, உலகம் முழுக்க விற்கிற 'ஸ்பாகெட்டி பொலோனீஸ்' போட்டோக்களை அனுப்பச் சொல்லி ட்விட்டர்ல கேட்டார். பாராட்ட இல்லை, அப்படி ஓர் உணவே எங்க ஊர்ல கிடையாதுன்னு சொல்ல!

இதுல ஊர்ப்பெருமை மட்டும் இல்லை, காரணமும் இருக்கு. ஸ்பாகெட்டி மெல்லிசா, வழுவழுன்னு இருக்கும். கறி அதுல ஒட்டாம தட்டு அடியில தங்கிடும். பொலோனியாக்காரங்க பயன்படுத்துறது 'டால்யடெல்லே' என்கிற நாடா மாதிரியான முட்டை பாஸ்தா. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டைன்னு பிசைஞ்சு, தேய்ச்சு, வெட்டுவாங்க. அதோட அகலமான, சொரசொரப்பான பரப்பு சாஸைப் பிடிச்சுக்கும். இந்த நாடா வெந்தபிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு 1972-லேயே தங்கத்துல மாதிரி செஞ்சு அதே வர்த்தக சபையில வெச்சுட்டாங்க. அந்த ஊர் அசினெல்லி கோபுரத்தோட உயரத்துல 12,270-ல் ஒரு பங்காம்!

கடையில டால்யடெல்லே இல்லைன்னா ஃபெட்டுச்சினி வாங்குங்க, அல்லது குழல் மாதிரி இருக்கிற பென்னே. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. தண்ணியில எண்ணெய் ஊத்தாதீங்க, அப்புறம் சாஸ் ஒட்டாது. பாதி கடிக்கும் பதத்துல எடுத்து, வேக வெச்ச தண்ணி ஒரு கரண்டியோட சாஸ்ல போட்டு ஒரு நிமிஷம் பிரட்டுங்க. மேலே பார்மிஜானோ சீஸைத் துருவிப் போட்டா முடிஞ்சுது.

மாட்டிறைச்சி, பன்றி, ஒயின் வேண்டாம்னா?

மட்டன்ல தாராளமா செய்யலாம். இத்தாலியிலேயே அப்ருட்ஸோ பகுதியில ஆட்டுக்குட்டி ரகூ பிரபலம்தான். ஆனா அதை 'பொலோனீஸே'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க! கறிக்கடையில முன்னங்கால் பகுதியைக் கேட்டு, மெஷின்ல விழுதா அரைக்காம கத்தியாலேயே கொத்தித் தரச் சொல்லுங்க. நம்ம கொத்துக்கறி பதம் இதுக்குக் கச்சிதம். பன்றி வேண்டாம்னா விட்டுட்டு, கறியோட கொஞ்சம் கொழுப்பும் சேர்த்து வாங்குங்க. பேக்கன் புகை போட்டதா இருக்கும், அந்த வாசனை எல்லாத்தையும் மறைச்சிடும் என்பதால அதைத் தவிர்க்கலாம். ஒயினுக்குப் பதில் சூப்போட ஒரு டீஸ்பூன் வினிகர். நாட்டுத் தக்காளியைவிட புளிப்பு குறைவான பெங்களூரு தக்காளி நல்லது.

மூணு மணி நேர கேஸ் செலவு உறுத்தினா, ஒரே தடவையில டபுள் அளவு செஞ்சுடுங்க. ஃப்ரிட்ஜ்ல 3 நாள், ஃப்ரீசர்ல 2 மாசம் தாங்கும். மறுநாள் இன்னும் ருசி.

அந்தப் பழைய பதிவுக்கே ஒருமுறை திரும்பிப் போவோம். 1982-ல் மாட்டோட உதரவிதானப் பகுதிக் கறிதான்னு குறிப்பிட்டிருந்தாங்க. 2023-ல் மற்ற பகுதிகளுக்கும் இடம் கொடுத்தாங்க. கட்டாயமா இருந்த பால், விருப்பமா மாறிச்சு. பதிவு செஞ்சவங்களே இவ்வளவு இறங்கி வந்திருக்காங்க. ஆனா மெதுவா வேக வைக்கிற அந்தப் பொறுமையில மட்டும் கை வைக்கலை.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இதே முறையில மறுபடியும் செஞ்சேன். காலையில 10 மணிக்கு அடுப்புல ஏத்தி, நடுவுல துணி துவைச்சு, பேப்பர் படிச்சு, ஒண்ணரை மணிக்கு இறக்கினேன். அக்கா தட்டை வழிச்சுட்டு, "என்ன மசாலாடி போட்டே?"ன்னு கேட்டாங்க.

உப்பும் மிளகும்தான்னு சொன்னா, இன்னமும் நம்ப மாட்டேங்கிறாங்க!