பொதுப்பொறியும் தாழும்

இராயப்பேட்டையில் ஒரு பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு வகுப்பார் பயின்ற பொறியிலேயே மாலையில் மற்றொரு வகுப்பார் பயில்வர். அதில் விரும்பிய கோப்பையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள மாணவர்க்கு இசைவு இல்லை. ஏன்?

கோப்புகள் இருவகைப்படும்: நாம் படிப்பதற்குரியவை ஒருவகை, பொறியை ஏவும் நிரல்கள் மற்றொருவகை. ஒன்று மற்றொன்றுபோல் வேடமிடுதலும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், காதற் கடிதம்போல் மின்னஞ்சலில் வந்த நிரல் ஒன்று, திறந்தவருடைய கோப்புகள் பலவற்றை அழித்தது. அவர்தம் முகவரி ஏட்டில் இருந்தார் அனைவர்க்கும் தன்னையே அனுப்பிற்று. உலகெங்கும் பல இலட்சம் பொறிகள் கேடுற்றன.

ஒருவர் ஆராயாது திறப்பது பலருடைய உழைப்பை அழித்துவிடும். ஆதலின், இத்தடை மாணவரை ஐயுறுவதன்று, பொதுப்பொருளைக் காப்பதாம். ஆயினும், பாடத்திற்கு வேண்டிய கோப்பை மாணவர் கேட்குங்கால், ஆசிரியர் ஆராய்ந்து இறக்கித் தருதல் வேண்டும். கதவிற்குத் தாழ் வேண்டும். தக்க காரணத்தோடு கேட்போர்க்கு அது திறக்கவும் வேண்டும்.